பைக்குள் பார்க்கிறவள்

வேலை முடிந்து வந்தால் அவள் உடனே வீட்டுக்குள் போக மாட்டாள். பட்டறை வாசலில், கிழிந்த நாற்காலிகளுக்கு நடுவே, சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். "எல்லாரும் வாசல்ல செருப்பைக் கழட்டுவாங்க. எங்க வீட்டம்மா கண்ணைக் கழட்டி வைக்கிறாங்க" என்று அவள் கணவன் தெருக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அப்படிச் சொல்வதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவன் சோபா தைக்கிறவன். சோபாக்காரர் என்றால்தான் தெருவில் தெரியும். வீட்டின் முன்னறையே பட்டறை. ஸ்பாஞ்சுத் தூள் தரையெல்லாம் பறக்கும். சமையலறையில் தேநீர் போட்டால் அதிலும் ஒன்றிரண்டு மிதக்கும். புது சோபாக்களுக்கு ஊசி அடிக்கும் துப்பாக்கிதான். பழைய மர நாற்காலி வந்தால் மட்டும் அவன் சுத்தியலை எடுப்பான். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்க வேண்டும், மறு கையில் சுத்தி. ஆணிக்கு மூன்றாவது கை இல்லை. அதனால் பொடி ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வான். நாக்கால் ஒவ்வொன்றாகத் தலை முன்னால் வரும்படி உதட்டுக்குத் தள்ள, சுத்தியின் காந்த முனை அதைக் கவ்விக்கொண்டுபோய் மரத்தில் குத்தும். அந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வாயில் ஆணி இருக்கும்போது பேச்சு கொடுத்தால் "ம்", "ம்ஹும்" என்று இரண்டே பதில்.

அவள் விமான நிலையத்தில் பை பார்க்கிறவள். பயணிகளின் பைகள் பெல்ட்டில் நகர்ந்து இயந்திரத்துக்குள் போகும்போது அவற்றின் வயிறு திரையில் தெரியும். போகட்டும் என்றோ, நிறுத்து என்றோ சொல்வது அவள் வேலை. இயந்திரம் எந்தப் பொருளையும் சொந்த நிறத்தில் காட்டாது. ரொட்டி, துணி, சோப்பு, தண்ணீர் எல்லாம் ஆரஞ்சு. இரும்பு நீலம். கண்ணாடி மாதிரியானவை பச்சை. சேர்ந்த புதிதில் சாப்பிடும்போது இதை வைத்து விளையாடுவார்கள்.

"முட்டை?"

"ஆரஞ்சு."

"ஸ்பூன்?"

"நீலம்."

"நான்?"

"நீங்க முழுக்க ஆரஞ்சு. வாய்ல மட்டும் நீலமா கொசுக்கூட்டம்."

வெடிமருந்தும் ஆரஞ்சுதான் என்று அவள் ஒருநாள் சொன்னாள். சோப்புக் கட்டியும் அதுவும் கூடப் பிறந்த பிறப்பு மாதிரி இருக்கும், ஓரத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றாள். அவன் அதைக் கேட்டுவிட்டு அடுத்த வாய் ரொட்டியைப் பிய்த்தான். அவளுக்கு இப்படி ஒரு கண் இருப்பது அவனுக்குப் பிடித்திருந்தது.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவர்கள் தூங்கி வழியாமல் இருக்க, இயந்திரமே அவ்வப்போது யாரோ ஒருவருடைய பைக்குள் இல்லாத கத்தியையோ துப்பாக்கியையோ வரைந்து காட்டும். எப்போது காட்டும் என்று யாருக்கும் தெரியாது. அதைப் பொய்ப்படம் என்பார்கள். கண்டுபிடித்துப் பட்டனை அழுத்திவிட்டால், கத்தி மறைந்து, 'சோதனைப் படம், சரியாகக் கண்டுபிடித்தீர்கள்' என்று எழுத்து வரும். பை எப்போதும்போல் போய்விடும். விட்டுவிட்டால் சிவப்பில் எழுத்து வரும். மாதக் கடைசியில் யார் எத்தனை பிடித்தார்கள், எத்தனை விட்டார்கள் என்று ஓய்வறைச் சுவரில் ஒட்டுவார்கள். அவள் பேர் எப்போதும் மேலேதான் இருந்தது.

மழை பிடித்த ஒரு சாயங்காலம், அவளோடு வேலை பார்க்கும் நெட்டை பட்டறைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தான். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம், பயணிகள் சாமான் வைக்கும் தட்டுகளை இழுத்துவிடுகிறவனாக இருந்து, இப்போது அவனும் திரைக்கு வந்துவிட்டான். அவள் உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். குட்டி, அவர்களின் ஒரே மகள், முதல் வகுப்புப் படிக்கிறவள், ஸ்பாஞ்சு அடுக்கின் மேல் படுத்துக்கொண்டு படம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"குட்டி, உன் மாமா எவ்வளவு உசரம்னு அளந்து சொல்லு" என்றான் நெட்டை.

"நீங்க மாமா இல்ல, ஏணி" என்றாள் குட்டி.

"சரிதான். அம்மா வளர்ப்பு." நெட்டை ஒரு முக்காலியில் உட்கார்ந்தான். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. சோபாக்காரனிடம் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, அக்கா இந்த மாசம் ரெண்டு விட்டுட்டாங்க. சொன்னாங்களா?" என்றான்.

சோபாக்காரன் வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினான். "இல்லையே."

"சொல்லியிருக்க மாட்டாங்க. எங்களுக்கே நம்ப முடியலை. அக்கா விட்டா அப்புறம் நாங்கல்லாம் எந்த மூலைக்கு?"

"எப்படி விட்டா?"

"எப்படி விடாம இருக்கறது? விதிப்படி இருபது நிமிஷந்தாண்ணே உட்காரணும். அப்புறம் எழுந்து தட்டு எடுக்கப் போகணும். கண்ணுக்கு ஓய்வு. மூணு பேர் வேலையை விட்டுப் போனாங்க, புது ஆள் போடலை. இப்ப உட்கார்ந்தா உட்கார்ந்ததுதான். மழைக்கு விமானமெல்லாம் தாமதம். வர்ற ஜனம் எல்லாம் எங்க மேலதான் எரிஞ்சு விழுது. கடிகாரத்துக்கு என்ன, நின்னுக்கிட்டே இருக்கு."

கடிகாரம் என்பது அவர்களின் மேற்பார்வையாளர். எதைச் சொன்னாலும் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? கண் ஓய்ஞ்சு போச்சுன்னா? 'அப்படியா, உடம்பைப் பார்த்துக்கோம்மா'ன்னு ரொம்ப நல்லவிதமாச் சொல்லுவார். மறுநாள்லேருந்து தட்டு அடுக்கற இடம். ஒருத்தர் போனாங்க அப்படி. இன்னிக்கு வரைக்கும் தட்டுதான் அடுக்கறாங்க. மனசு சரியில்லைன்னா பேசறதுக்கு ஒரு நம்பர்கூட ஒட்டி வெச்சிருக்காங்கண்ணே. எங்க தெரியுமா? கடிகாரத்தோட மேஜைக்கு மேல."

அவள் தேநீரோடு வந்தாள். பேச்சு நின்றதைக் கவனித்தாள்.

"என்ன தம்பி, என் மானத்தை வாங்கி முடிச்சாச்சா?"

"இல்லக்கா, பாதிதான் ஆச்சு. தேநீர் குடிச்சுட்டு மீதி."

அவள் சிரித்தாள். பிறகு, நெட்டை காலடியில் வைத்திருந்த பையை அவள் பார்ப்பதைச் சோபாக்காரன் பார்த்தான். சாதாரணத் துணிப்பை. அவள் பார்வை அதன் ஒரு மூலையில் தொடங்கி, வரி வரியாக, மறு மூலை வரைக்கும் போனது. பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டே பார்த்தாள். நெட்டை மெதுவாகப் பையைக் காலுக்குப் பின்னால் தள்ளினான். அவனுக்கு அது புதிதல்ல என்பதுபோல் இருந்தது அந்தத் தள்ளல்.

அதன் பிறகு சோபாக்காரன் கவனிக்கத் தொடங்கினான். கவனித்தால் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. காலையில் குட்டியின் பள்ளிக்கூடப் பையைக் கட்டுகிற அவளே, கட்டி முடித்ததும் எல்லாவற்றையும் தரையில் கொட்டி மறுபடி அடுக்கினாள். குட்டி அதை ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டு, "நான் தாண்டிப் போகலாமா ஆபீசர்?" என்று கேட்பாள். சில நேரம் அவன் மனைவி குளிர்பெட்டியைத் திறந்துவிட்டு, எதையும் எடுக்காமல், அதன் குளிர் முகத்தில் அடிக்க நின்றாள். சாப்பிட உட்கார்ந்தால் அவள் முன்னால் சூப் ஆறி ஆடை படிந்தது. படுக்கையில் கண்ணை மூடினால் பைகள் போய்க்கொண்டே இருக்கின்றன என்றாள்.

"எதுவும் இல்லாத பைதான் பயமா இருக்கு" என்றாள் ஒருமுறை, துவைத்த துணிகளை மடித்தபடி. "கத்தி இருந்தா அழுத்திடலாம். எதுவும் இல்லைன்னா, இல்லையா, நான் பார்க்கலையான்னு தெரியாதுல்ல? பை போயிடும். அது பாட்டுக்கு விமானம் ஏறிடும். வீட்டுக்கு வந்து யோசிச்சுக்கிட்டே இருக்கேன், அந்தப் பச்சையாத் தெரிஞ்ச பையில ஓரத்துல என்ன இருந்துச்சுன்னு."

"விமானம் ஏதாவது விழுந்துச்சா? இல்லல்ல. அப்ப ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்."

"உங்களுக்கு நாற்காலியில ஒரு தையல் விட்டா மறுபடி தைப்பீங்க."

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணும் இல்லை. சும்மா சொன்னேன்."

அவன் விடவில்லை. கடிகாரத்திடம் போய்ச் சொல், லீவு கேள், இல்லாவிட்டால் நானே வந்து சொல்கிறேன் என்றான். அவர்கள் அபூர்வமாகத்தான் சண்டை போடுவார்கள். அன்று அவள் துணியை மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"என்னன்னு சொல்லுவீங்க? எம் பொண்டாட்டிக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, சீட்டை வேற யாருக்காவது குடுங்கன்னா?"

"நான் அப்படிச் சொல்லலை."

"அங்க அப்படித்தான் கேக்கும். எனக்கு உருப்படியாத் தெரிஞ்சது இந்த ஒண்ணுதான். பள்ளிக்கூடத்துலகூட என்னைக் கடைசி பெஞ்சுலதான் உட்கார வெச்சாங்க. இங்க என் பேரு மேல இருக்கு. அதைப் போய் அழிச்சுட்டு வந்துடுவீங்களா?"

அவன் அழிக்கப் போகவில்லை. மழை நின்றால் சரியாகும், ஆள் போட்டால் சரியாகும் என்று இருந்தான். வேலை அவனுக்கும் தலைக்கு மேல் கிடந்தது. பழைய உணவகம் ஒன்றைப் புதுப்பிக்கிறார்கள் என்று மர நாற்காலிகள் வந்து குவிந்தன. பட்டறையில் நடக்க இடமில்லை. நாள் முழுக்க வாயில் ஆணியோடு இருந்தான். பேச வேண்டியதைப் பேசாமல் இருக்க அது வசதியாகவும் இருந்தது.

அவளுக்கு ஓய்வு நாளாக இருந்த ஒரு மத்தியானம், நாற்காலி அடியில் கட்டும் நாடா தீர்ந்துவிட்டது. கடை பக்கத்தில்தான். சட்டையைப் போட்டுக்கொண்டு, "குட்டியைப் பார்த்துக்கோ, இதோ வந்துடறேன்" என்றான். அவள் பட்டறையில் பாதி தைத்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். தலையசைத்தாள்.

நாடாச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் திரும்பி வந்தபோது, குட்டி அவனுடைய இடத்தில், அவனைப் போலவே ஒரு காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். கையில் காந்தச் சுத்தி. உதடுகளுக்கு நடுவே மூன்று ஆணித் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. சுத்தியை உதட்டுக்குக் கொண்டுபோய் ஒன்றைக் கவ்வி, ஒரு கட்டை மேல் தட்டினாள். எதிர் நாற்காலியில் அவள் அம்மா, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துப்பு!" என்று கத்திவிட்டான்.

குட்டி திடுக்கிட்டு மூச்சை இழுத்தாள். இருமினாள். ஓர் ஆணி தரையில் விழுந்தது. மற்றது விழவில்லை.

ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுவதும் குட்டி அழவில்லை. அப்பா திட்டுவாரோ என்ற பயம்தான் அவளுக்கு. "தண்ணி குடிச்சா போயிடும்பா" என்று சமாதானம் சொன்னாள். கத்தியிருக்கக் கூடாது என்பதைத் தவிர வேறு எதையும் அவன் நினைக்கவில்லை. மனைவியைப் பற்றி நினைக்க அப்போது இடமில்லை. அவள் முன்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தாள்.

எக்ஸ்ரே எடுத்ததும் டாக்டர் இருவரையும் உள்ளே கூப்பிட்டார். இளவயதுப் பெண். தூக்கமில்லாத கண்கள் அவளுக்கும். கணினித் திரையில் குட்டியின் விலா எலும்புகள் மீன் முள்போலத் தெரிந்தன. அதற்குக் கீழே, வயிற்றில், சின்னதாக, வெள்ளையாக, தலையும் கூருமாக ஆணி.

"மூச்சுக்குழாய்க்குள்ள போகலை. அது ஒரு நல்லது" என்றார் டாக்டர். "ஆனா கூரா இருக்கறதால தானா வரட்டும்னு விட முடியாது. மயக்கம் குடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுத்துடலாம். அடிக்கடி செய்யறதுதான். பயப்படாதீங்க."

அவன் மனைவி திரைக்கு அருகே போனாள். இடுப்பு மேஜை விளிம்பில் படும் அளவுக்கு நெருங்கி நின்றாள். வலது கைக் கட்டைவிரலை மேஜை ஓரத்தில் வைத்து அழுத்தினாள். எடுத்துவிட்டு, மறுபடி அழுத்தினாள்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் டாக்டர்.

"அழுத்திட்டேன் டாக்டர். இப்ப எழுத்து வரும்" என்றாள் அவள், மரியாதையாக. பொறுத்திருக்கச் சொல்கிற குரல். "சில நேரம் மெதுவாத்தான் வரும்."

டாக்டர் அவளைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். என்ன எழுத்து என்று அவர் கேட்கவில்லை. அவனுக்கோ கேட்கத் தேவையே இல்லை. அந்தக் கட்டைவிரல் மூன்றாம் முறை அழுத்தியபோது அவன் அதன்மேல் தன் கையை வைத்து மூடினான். விரல் அவன் உள்ளங்கைக்குள்ளும் அழுத்திக்கொண்டிருந்தது.

ஆணியை எடுத்துவிட்டார்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று காட்டினார்கள். குட்டி மயக்கம் தெளிந்து, தொண்டை வலிக்கிறது, ஐஸ்கிரீம் கொடுப்பார்களா என்று கேட்டாள். நர்ஸ், கொடுக்கலாம் என்றார். அவன் வாங்கிவந்து ஊட்டினான்.

"அப்பா, நீங்க வாய்ல வெக்கறீங்கள்ல, உங்களுக்கு ஏன் உள்ள போகலை?"

"எனக்குப் பழக்கம்டா. இனிமே நானும் வெக்க மாட்டேன்."

"நான் நல்லாத்தான் வெச்சிருந்தேன். அம்மாகிட்டகூடக் காட்டினேன்."

கரண்டி பாதி வழியில் நின்றது. "எப்போ காட்டின?"

"அப்பவே. ஆன்னு காட்டினேன். அம்மா சிரிச்சாங்க."

வெளியே நடையில் நீளமாக ஒரு பெஞ்சு இருந்தது. மழைத் தண்ணீரை மிதித்து வந்தவர்களின் செருப்புத் தடங்களை ஒருவர் துடைத்துக்கொண்டே போனார். துடைத்த இடத்தில் மறுபடி தடம் விழுந்தது. அவள் பெஞ்சின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவளே தொடங்கினாள். "குட்டி சொல்லிடுச்சா?"

"ம்."

"எனக்குத் தெரிஞ்சதுங்க. தெரியாம இல்லை. வாயைத் தொறந்து காட்டுச்சு. ஆணின்னு தெரிஞ்சது. கூரு எந்தப் பக்கம்னுகூடத் தெரிஞ்சது." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "தெரிஞ்ச உடனே மனசுக்குள்ள அழுத்திட்டேன். அழுத்தினதும், அப்பாடா, பிடிச்சுட்டேன், விடலைன்னு ஒரு சந்தோஷம். அதான் சிரிச்சிருப்பேன். அப்புறம் அது மறையட்டும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க வந்து கத்தற வரைக்கும்."

அவன் தரை துடைக்கிறவரைப் பார்த்தான்.

"குழந்தை வாய்ல ஆணி இருந்தா எடுக்கணும்னு தெரியாத அம்மா இருப்பாளா? எனக்குத் தெரியுங்க. ஆனா எடுக்கறது என் வேலை இல்லைன்னு இருந்துச்சு. நான் பார்க்கறவ. அழுத்தினா வேற யாரோ வந்து எடுப்பாங்க. அங்க அப்படித்தானே." கொஞ்சம் கழித்து, "இது முதல் தடவை இல்லை" என்றாள். "போன வாரம் அடுப்புல துணி பத்துச்சு. நீங்க இல்லை. அதையும் பார்த்துக்கிட்டு நின்னேன். கை சுட்ட பிறகுதான் தண்ணி ஊத்தினேன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொல்ல வந்தேன். உங்க வாய்ல ஆணி இருந்துச்சு" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. உண்மையில் அப்படித்தான் இருந்திருக்கும். அவனுக்கு எந்த நாள் என்றுகூட ஞாபகம் வந்தது. அவள் வாசலில் வந்து நின்றதும், அவன் "ம்?" என்றதும், அவள் ஒன்றுமில்லை என்று திரும்பியதும்.

அந்த இளம் டாக்டர், போகும் முன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, இதே கட்டடத்தில் மனநல டாக்டர் இருக்கிறார், நாளைக்கே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார். "நீங்க நினைக்கற மாதிரி பெரிய வியாதின்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க. வேலையால வர்றது நிறைய. ஓய்வு குடுத்து, மருந்தும் குடுத்தா தேறிடுவாங்க. ஆனா நாளாகும். அதுவரைக்கும் அவங்ககூடக் குழந்தையைத் தனியா விடறது..." என்று நிறுத்தினார். முடிக்கவில்லை. முடித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார், வேலைக்குப் போகக் கூடாது என்று சொன்னார். கடிகாரம் போனில் மிகவும் அன்பாகப் பேசினாராம். நன்றாக ஓய்வெடு, இடத்தைப் பற்றிக் கவலைப்படாதே, திரும்பி வரும்போது அலைச்சல் இல்லாத வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறேன் என்றாராம். அதைச் சொல்லிவிட்டு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். "தட்டு" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நெட்டை ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்தான். குட்டி, "ஏணி மாமா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தாள், மாத்திரை அப்படிப் போட்டுத் தள்ளியது. நெட்டை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்தான்.

"அக்கா சீட்டுல யாரு?" என்று கேட்டான் சோபாக்காரன்.

"நான்தான்."

நெட்டை ஒரு பழத்தை எடுத்து உருட்டினான்.

"அண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க. நான் பஸ்ல வர்றப்ப கண்ணை மூடிக்கிட்டுத்தான் வர்றேன். கூட்டத்துல ஒவ்வொருத்தன் மடியிலயும் பை. ஒரு பெரியவர் தன் பையை எடுத்துக்கிட்டு வேற சீட்டுக்குப் போயிட்டார். திருடன்னு நினைச்சிருப்பார்."

"நீயாவது சொல்லிடுடா, தம்பி. அக்கா பட்டதைப் பார்த்தும் புத்தி வரலையா?"

"சொல்லணும்" என்றான் நெட்டை. "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்." எழுந்தபோது விட்டத்தில் தலை இடித்தது. வழக்கமாக அதற்கு ஏதாவது சொல்லிச் சிரிப்பான். அன்று தலையைத் தடவிக்கொண்டே போனான்.

பொடி ஆணிகளையெல்லாம் சோபாக்காரன் ஒரு டின்னில் போட்டு அடைத்து மேல் பரணில் ஏற்றிவிட்டான். மர நாற்காலிக்கும் ஊசித் துப்பாக்கிதான். வேலை அவ்வளவு சுத்தமாக வரவில்லை. வாய் காலியாக இருந்ததால் பேசினான்; ஆனால் என்ன பேசினாலும் அது வேறு எதையோ பேசாமல் இருப்பதற்காகப் பேசுவதுபோல் பட்டது. குட்டி பள்ளியிலிருந்து வந்துவிட்டால் அவனுக்கு வேலை ஓடாது. தண்ணீர் குடிக்க உள்ளே போவான். கத்தரிக்கோலைத் தேடிப் போவான். கை கழுவப் போவான். உள்ளே அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். குட்டி தரையில் எழுதிக்கொண்டிருப்பாள். இருவருக்கும் நடுவே எப்போதும் கையெட்டாத தூரம் இருந்தது. அந்தத் தூரத்தை வைத்தது அவள்தான் என்று அவனுக்குப் புரியச் சில நாட்கள் ஆயின. குட்டி நெருங்கி வந்தால் அவள் எதையாவது எடுப்பதுபோல் எழுந்துவிடுவாள்.

நான்காவதோ ஐந்தாவதோ முறையாக அவன் சொம்பை எடுத்தபோது அவள் கேட்டாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைங்க தாகம் எடுக்கும் உங்களுக்கு?"

அவன் சொம்போடு நின்றான்.

"கோபமாச் சொல்லலை" என்றாள். "வந்து பாருங்க. நீங்க வந்து பார்க்கறப்பதான் எனக்கும் கொஞ்சம் மூச்சு வருது."

அவன் தண்ணீரைக் குடித்தான். தாகமே இல்லை.

மருந்துக்கடைக்காரர் கேட்டிருந்த நீள பெஞ்சு முடிந்தது. உட்கார்ந்து காத்திருக்கிறவர்களுக்கானது, கறுப்பு ரெக்சின், துடைத்தால் போதும். சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். தூக்கக் கூட வருகிற ஆள் காய்ச்சல் என்று வரவில்லை. மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவிலிருந்து ஆவி எழுந்தது. வாடகைக்கு எடுத்த சின்னச் சரக்கு வண்டி வாசலில் நின்றது. அவன் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தான். தனியாக முடியாது.

"நான் பிடிக்கறேன்" என்று அவள் வந்தாள்.

"வேண்டாம், மாத்திரை போட்டிருக்க."

"கை நல்லாத்தானே இருக்கு."

அவள் ஒரு முனை, அவன் ஒரு முனை. அவன் பின்புறமாக நடந்தான்.

"மெதுவா."

"கதவு இடிக்குது, கொஞ்சம் சாய்ங்க. இல்ல, அந்தப் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

"உங்க சோத்துக் கை பக்கம்."

"ஆச்சா?"

"ஆச்சு. படி இருக்கு, பார்த்து."

கல்யாணமான புதிதில், ஆள் வைக்க வழியில்லாதபோது, இப்படித்தான் எத்தனையோ சோபாக்களை இறக்கியிருக்கிறார்கள். அவள் கண் அப்போதே நல்ல கண். எந்த வாசலில் எது நுழையும், எது நுழையாது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். பெஞ்சு வண்டியை விட நீளம். ஒரு முனையை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வரை நுழைத்துச் சாய்த்துக் கட்டினார்கள். அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். இருவருக்கும் வியர்த்தது. ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் இருந்தது அவனுக்கு.

குட்டி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தாள். போகவர அரை மணி நேரமாவது ஆகும். காலையிலிருந்தே அவன் மனதுக்குள் ஒரு வாக்கியத்தைத் தைத்துப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தான்: குட்டிக்கு இருமல் மருந்து வாங்கணும், கூட்டிட்டுப் போறேன். குட்டிக்கு இருமல் இல்லை. அதனால் வேறு வாக்கியம். அதுவும் சரியாக வரவில்லை.

அவள் உள்ளே போய்க் குட்டியின் செருப்பை எடுத்து வந்தாள். குனிந்து, ஒவ்வொரு காலாக மாட்டி, வாரைப் பூட்டினாள். பூட்டியதும் கையை எடுத்துவிட்டாள்.

"குட்டியையும் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"எதுக்கு? சும்மா இங்கயே உன்கூட..." என்று தொடங்கினான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தாள். அவன் அந்த வாக்கியத்தை முடிப்பான் என்று உண்மையாகவே காத்திருந்தாள். முடித்திருந்தால் ஒருவேளை வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் அவனுக்கு முடிக்க வரவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியிருந்தது. இறங்கியது அவன் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் பார்க்கத் தெரிந்தவள். பார்த்துவிட்டு, தலையைத் திருப்பிக் கயிற்று முடிச்சை இன்னொரு முறை இறுக்கினாள்.

"வெயிலா இருக்கு. தொப்பி போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வண்டி தெருமுனை திரும்பியது. குட்டி அவன் பக்கத்தில், பெஞ்சின் முனை தோளில் உரச உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவுக்கு என்மேல கோபமாப்பா?"

"இல்லடா."

"உங்களுக்கு அம்மா மேல கோபமா?"

"இல்லை. யாருக்கும் யார் மேலயும் கோபம் இல்லை."

"அப்ப நான் ஏன் வர்றேன்?"

சாலையில் மழைப் பள்ளங்கள். அவன் வண்டியை ஒடித்து ஒடித்துத் திருப்பினான்.

"பெஞ்சைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்ல" என்றான்.

குட்டி உடனே திரும்பி, இருக்கையில் முழங்காலிட்டு, பெஞ்சின் காலை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கயிறு நன்றாகத்தான் கட்டியிருந்தது. பெஞ்சு அசையவே இல்லை. மருந்துக்கடை வரும்வரை அவள் பிடியை விடவில்லை.